ஒளிபுகு பற்சீரமைப்பு உறை

ஒளிபுகு பற்சீரமைப்பு உறை என்பது வரிசை பிறழ்ந்த பற்களைச் சிறிது சிறிதாக நகர்த்திச் சீர்செய்வதற்குப் பயன்படும், கழற்றி மாட்டக்கூடிய, மெல்லிய நெகிழிக் கருவி ஆகும். இது வணிக வழக்கில் கிளியர் அலைனர் என அழைக்கப்படுகிறது. ஒவ்வொருவருடைய பல்வரிசைக்கும் ஏற்பத் தனித்தனியாக வார்க்கப்படும் இவ்வுறை, ஒற்றைக் கருவியாக அன்றி, எண்ணிடப்பட்ட ஒரு தொடராகவே வழங்கப்படுகிறது. தொடரிலுள்ள ஒவ்வோர் உறையும் முந்தையதிலிருந்து மிகச் சிறிய அளவு வேறுபட்டிருக்கும். அவற்றை வரிசைப்படி அணிந்து வரும்போது பற்கள் திட்டமிட்ட இடத்தை நோக்கி நகர்கின்றன.

பேச்சு வழக்கில் "கிளிப்" எனப்படும் உலோகக் கம்பி அமைப்பை அணிய விரும்பாத வயது வந்தோரிடையே இம்முறை பெரிதும் பரவியுள்ளது. எனினும் இது பல் மருத்துவச் சிகிச்சையே அன்றி அழகுப் பொருள் அன்று. பல் நகரும்போது அதன் வேரும், வேரைத் தாங்கும் எலும்பும், ஈறும் மாற்றத்துக்கு உள்ளாகின்றன. ஆகையால் யாருக்கு இம்முறை பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை அறிவது இன்றியமையாதது.

வயது வந்தோரும் பற்சீரமைப்பும்

தெற்றுப்பல், எடுப்புப்பல், பல்லிடைவெளி, மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சரியாகப் பொருந்தாமை ஆகியவை பற்சீரமைப்பியல் என்னும் துறையின் கீழ் வருகின்றன. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் 1899 ஆம் ஆண்டில் வெளியிட்ட கடி வகைப்பாடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

பற்சீரமைப்பு சிறுவர்களுக்கு மட்டுமே உரியது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. பல்லை நகர்த்தும் உயிரியல் நிகழ்வு எந்த வயதிலும் நடைபெறக் கூடியதே. ஆயினும் வயது வந்தோருக்கும் சிறுவர்களுக்கும் இடையே சில முதன்மையான வேறுபாடுகள் உள்ளன.

* தாடை எலும்பின் வளர்ச்சி நின்றுவிடுவதால், சிறுவர்களுக்குச் செய்வதுபோல் வளர்ச்சியைத் திசைதிருப்பித் தாடைகளின் பொருத்தமின்மையைச் சரிசெய்ய இயலாது. பெரிய அளவிலான தாடைக் குறைபாடுகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.
* வயது ஏற ஏற ஈறு நோயும் அதனால் உண்டாகும் எலும்பு இழப்பும் மிகுதியாகக் காணப்படுகின்றன. எலும்பின் தாங்குதல் குறைந்த பல்லின் மீது விசை செலுத்தினால் அப்பல் மேலும் தளரக்கூடும். எனவே ஈறு நோயைக் கட்டுப்படுத்திய பின்னரே சீரமைப்பைத் தொடங்க வேண்டும்.
* பல் பொருத்திகள் எலும்போடு நேரடியாக இணைந்துவிடுவதால் அவற்றை நகர்த்த இயலாது. பல பற்களை ஒன்றாக இணைக்கும் பாலம் போன்ற செயற்கைப் பல் அமைப்புகளும் திட்டத்தை மட்டுப்படுத்தும்.
* கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு நோய், புகைபிடித்தல், எலும்புத் தேய்மானத்துக்காக உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவை ஈறு, எலும்பு ஆகியவற்றின் நலத்தையும் பல் நகரும் விதத்தையும் பாதிக்கக்கூடும். இவற்றை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

பல் நகரும் விதம்

பல்லின் வேர் தாடை எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமனுள்ள நார்த்திசு ஒன்று உள்ளது. இதனைப் பல்சூழ் நாண் என்பர். பல்லின் மீது இலேசான விசை தொடர்ந்து செலுத்தப்படும்போது, இந்நாண் ஒரு பக்கம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. நசுங்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் பெருகி எலும்பை நீக்குகின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பை உருவாக்கும் உயிரணுக்கள் புதிய எலும்பைப் படியச் செய்கின்றன. இவ்வாறு பல் தன் குழியோடு சேர்ந்தே இடம் பெயர்கிறது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் என்பவர் 1904 ஆம் ஆண்டையொட்டி நாய்களிடம் நடத்திய ஆய்வுகள் இதை நுண்ணோக்கி வழியாகக் காட்டிய தொடக்ககால ஆய்வுகளுள் அடங்கும்.

இங்கு விசையின் அளவு முதன்மையானது. மிகையான விசை பல்லை விரைவாக நகர்த்தும் என எண்ணுவது இயல்பு. உண்மையில் மிகையான விசை நாணிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. அப்பகுதியில் உயிரணுக்கள் இறப்பதால் நகர்வு சில வாரங்களுக்குத் தடைப்படுகிறது. வேரின் நுனி கரைந்து குட்டையாகும் இடரும் கூடுகிறது. ஆகவே பற்சீரமைப்பு எம்முறையில் செய்யப்பட்டாலும் பொறுமையாகவே நடைபெற வேண்டியுள்ளது. பொதுவாக ஒரு பல் மாதத்துக்கு 1 மி.மீ. அளவிலேயே நகரும்.

வரலாறு

பல்லை உறையால் நகர்த்தும் எண்ணம் கணினிக்கு முற்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹெரால்டு கெஸ்லிங் 1945 ஆம் ஆண்டில் இரப்பரால் ஆன ஒரு கருவியை விவரித்தார். பல்வரிசையின் சாந்து வார்ப்பிலிருந்து ஒவ்வொரு பல்லையும் வெட்டியெடுத்து, விரும்பிய இடத்தில் மெழுகில் பதித்து, அந்தத் திருத்திய வார்ப்பின் மீது கருவியைச் செய்வது அவரது முறை. கம்பிச் சிகிச்சையின் இறுதியில் எஞ்சும் சிறு பிழைகளைத் திருத்துவதற்கு அது பயன்பட்டது. 1964 ஆம் ஆண்டில் ஹென்றி நாகூம் சூடேற்றிய நெகிழித் தகட்டை வெற்றிடத்தின் உதவியால் வார்ப்பின் மீது படியச் செய்யும் முறையை வெளியிட்டார். 1993 ஆம் ஆண்டில் ஜான் ஷெரிடன் எசிக்ஸ் எனப்படும் மெல்லிய ஒளிபுகு உறையை அறிமுகப்படுத்தினார்.

இம்முறைகள் அனைத்துக்கும் ஒரு பொதுவான தடை இருந்தது. ஒவ்வொரு சிறு நகர்வுக்கும் புதிதாக அச்செடுத்து, வார்ப்பை வெட்டி, மீண்டும் அடுக்க வேண்டியிருந்தது. இருபது அல்லது முப்பது படிகள் கொண்ட சிகிச்சையைக் கையால் செய்வது நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தது.

இத்தடையைக் கணினி வரைவியலும் முப்பரிமாண அச்சாக்கமும் நீக்கின. சியா சிஷ்டி என்பவர் வயது வந்த பின்னர்க் கம்பிச் சிகிச்சை செய்துகொண்டவர். சிகிச்சைக்குப் பின் அணியும் தக்கவைப்புக் கருவியைச் சில நாள் அணியாது விட்டபோது பற்கள் சற்று விலகியதையும், மீண்டும் அணிந்தபோது அவை பழைய இடத்துக்குத் திரும்பியதையும் அவர் கவனித்தார். விலகிய பல்லை ஒரு நெகிழிக் கருவி திரும்பக் கொண்டுவர முடியுமானால், அத்தகைய கருவிகளின் தொடர் முழுச் சிகிச்சையையும் செய்ய முடியும் என்பது அவர் எண்ணம். அவரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் உடன் பயின்ற கெல்சி வர்த் என்பவரும், கணினி அறிவியலாளர்களான அப்போஸ்டலோஸ் லெரியோஸ், பிரையன் பிரைபர்கர் ஆகியோருடன் இணைந்து 1997 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் அலைன் டெக்னாலஜி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். நிறுவனர்களுள் எவரும் பல் மருத்துவர் அல்லர்.

இந்நிறுவனத்தின் இன்விசலைன் என்னும் உறைக்கு ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1998 ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. 1999 ஆம் ஆண்டில் விற்பனை தொடங்கியது. முதலில் பற்சீரமைப்பு வல்லுநர்களுக்கு மட்டும் வழங்கப்பட்ட இம்முறை, பின்னர்ப் பொதுப் பல் மருத்துவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 2001 ஆம் ஆண்டில் நிறுவனம் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது.

காப்புரிமை வழக்குகள்

தொடக்க ஆண்டுகளில் இத்துறையின் வளர்ச்சி காப்புரிமைகளால் கட்டுண்டிருந்தது. அலைன் நிறுவனத்திலிருந்து விலகிய சிஷ்டி 2005 ஆம் ஆண்டில் ஆர்த்தோகிளியர் என்னும் போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் மீது அலைன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2006 ஆம் ஆண்டில் 2 கோடி டாலர் உடன்பாட்டின்படி ஆர்த்தோகிளியர் தன் பணியை நிறுத்திக்கொண்டது.

ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த கிளியர்கரெக்ட் நிறுவனத்துக்கு எதிரான வழக்கு சட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அந்நிறுவனத்துக்கான முப்பரிமாணப் பல் வரைவுகள் பாக்கித்தானில் உருவாக்கப்பட்டு, இணையம் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கு அச்சிடப்பட்டன. இணையம் வழியாக வந்த கோப்பு "இறக்குமதிப் பொருள்" ஆகுமா என்பதே வழக்கின் மையக் கேள்வி. ஆகும் என 2014 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் முடிவு செய்தது. 2015 ஆம் ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது. சட்டத்தில் பொருள் எனக் குறிப்பிடப்படுவது பருப்பொருளையே எனவும், எண்ணிமத் தரவு அதில் அடங்காது எனவும் அது தீர்ப்பளித்தது.

முதன்மையான காப்புரிமைகள் 2017 ஆம் ஆண்டு முதல் காலாவதியாகத் தொடங்கின. அதன் பின்னர்ப் பல நாடுகளில் பல நிறுவனங்கள் இத்துறையில் நுழைந்தன. அவ்வாண்டிலேயே கிளியர்கரெக்ட் நிறுவனத்தைச் சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமன் குழுமம் வாங்கியது.

உருவாக்கும் முறை

உறைகள் உருவாகும் படிகள் பின்வருமாறு:

1. பரிசோதனை: பற்கள், ஈறு, தாடை மூட்டு ஆகியவை பரிசோதிக்கப்படுகின்றன. ஊடுகதிர்ப் படங்கள் எடுக்கப்படுகின்றன. சொத்தை இருப்பின் முதலில் சரிசெய்யப்படுகிறது.
2. அளவெடுத்தல்: முற்காலத்தில் சிலிக்கோன் பசையால் அச்செடுக்கப்பட்டது. தற்போது பெரும்பாலும் வாயினுள் செலுத்தப்படும் ஒளி வருடி மூலம் பல்வரிசையின் முப்பரிமாண வடிவம் நேரடியாகக் கணினியில் பதிவாகிறது.
3. பிரித்தல்: ஒரே பரப்பாகப் பதிவாகும் பல்வரிசையை மென்பொருள் தனித்தனிப் பற்களாகப் பிரிக்கிறது.
4. திட்டமிடல்: ஒவ்வொரு பல்லும் சென்றடைய வேண்டிய இறுதி இடம் குறிக்கப்படுகிறது. தொடக்கத்துக்கும் இறுதிக்கும் இடையிலான பாதை சிறு படிகளாகப் பகுக்கப்படுகிறது. பற்கள் ஒன்றோடொன்று மோதாதவாறு நகர்வின் வரிசை அமைக்கப்படுகிறது. இத்திட்டத்தை மருத்துவர் பார்வையிட்டுத் திருத்தி ஒப்புதல் அளிக்கிறார்.
5. அச்சாக்கம்: ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரி வடிவம் முப்பரிமாண முறையில் அச்சிடப்படுகிறது. சக் ஹல் என்பவர் 1980களில் உருவாக்கிய, நீர்மப் பிசினைப் புற ஊதாக் கதிரால் அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்தும் முறை இதில் பயன்பட்டு வருகிறது.
6. வார்த்தல்: ஏறத்தாழ 0.75 மி.மீ. தடிமனுள்ள நெகிழித் தகடு சூடேற்றப்பட்டு மாதிரியின் மீது அழுத்திப் படியச் செய்யப்படுகிறது. பின்னர் ஓரங்கள் வெட்டி மழுக்கப்பட்டு எண்ணிடப்படுகிறது. பாலியூரித்தேன் வகை நெகிழியும் பி.இ.டி.ஜி. எனப்படும் நெகிழியும் பரவலாகப் பயன்படுகின்றன.

ஓர் உறை பொதுவாக ஒரு பல்லை 0.25 மி.மீ. வரை நகர்த்துமாறு வடிவமைக்கப்படுகிறது. இதிலிருந்து சிகிச்சைக் காலத்தைத் தோராயமாகக் கணிக்கலாம். ஒரு பல் 3 மி.மீ. நகர வேண்டுமெனில் 12 உறைகள் தேவை. இரு வாரங்களுக்கு ஒன்று என மாற்றினால் 24 வாரங்கள் ஆகும். வாரம் ஒன்று என மாற்றினால் 12 வாரங்கள் ஆகும். எந்த இடைவெளியில் மாற்றுவது என்பதை எலும்பின் நிலையும் நகர்வின் வகையும் கருதி மருத்துவரே முடிவு செய்கிறார்.

துணை அமைப்புகள்

உறை மட்டும் எல்லா நகர்வுகளையும் செய்துவிடாது. வழுவழுப்பான பல்லை இறுகப் பற்றுவதற்காக, பல்லின் நிறத்திலுள்ள பிசினால் ஆன சிறு புடைப்புகள் பல்லின் மீது ஒட்டப்படுகின்றன. இவை சிகிச்சை முடியும் வரை பல்லிலேயே இருக்கும். முடிந்தபின் தேய்த்து அகற்றப்படும். உறை சற்றும் வெளியே தெரியாது என எதிர்பார்ப்போர் இப்புடைப்புகளைப் பற்றி முன்னரே அறிந்திருத்தல் நலம்.

பற்கள் நெருக்கமாக இருக்கும்போது இடம் உண்டாக்குவதற்காகப் பற்களின் பக்கவாட்டில் எனாமல் எனப்படும் பற்சிப்பி சிறிதளவு தேய்க்கப்படுவதுண்டு. இரு பற்கள் தொடும் ஓரிடத்தில் இது பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும். பற்சிப்பி மீண்டும் வளராது. ஆகையால் எந்தப் பற்களில், எவ்வளவு தேய்க்கப்படும் என்பதைத் திட்டத்தில் பார்த்துத் தெரிந்துகொண்ட பின்னரே உடன்படுவது பொருத்தமானது. சிலருக்கு மேல் கீழ்த் தாடைகளுக்கு இடையே சிறு இரப்பர் வளையங்களும் தேவைப்படும்.

அன்றாடப் பயன்பாடு

உறைகளை நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். உண்ணும்போதும், நீர் தவிர்த்த பிறவற்றைப் பருகும்போதும், பல் துலக்கும்போதும் கழற்ற வேண்டும். இவ்விதி எளிதாகத் தோன்றினும் கடைப்பிடிப்பது அத்துணை எளிதன்று. 22 மணி நேரம் அணிவதெனில் எஞ்சுவது 120 நிமிடங்கள். காலை உணவுக்கு 20, நண்பகல் உணவுக்கு 30, இரவு உணவுக்கு 30 என 80 நிமிடங்கள் கழிகின்றன. மூன்று வேளையும் பல் துலக்க 15 நிமிடங்கள் போக, மீதம் 25 நிமிடங்கள். இரு வேளை தேநீருக்குப் பத்துப் பத்து நிமிடங்கள் எனக் கொண்டால் மிஞ்சுவது 5 நிமிடங்களே. அடிக்கடி நொறுக்குத் தீனி உண்பவரும் ஒரு கோப்பைக் காப்பியை அரை மணி நேரம் சுவைத்துப் பருகுபவரும் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள நேரிடும்.

உறையை மாட்டிக்கொண்டே இனிப்புக் கலந்த தேநீர், காப்பி, குளிர்பானம் ஆகியவற்றைப் பருகினால், சர்க்கரை உறைக்கும் பல்லுக்கும் இடையே தேங்கி நிற்கும். உமிழ்நீர் அங்கு சென்று கழுவ இயலாததால் சொத்தை உண்டாகும் வாய்ப்பு மிகுகிறது. உறையைக் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரிலேயே கழுவ வேண்டும். வெந்நீர் அதன் வடிவத்தைச் சிதைத்துவிடும். கழற்றிய உறையைக் கைத்துடைக்கும் தாளில் சுற்றி வைப்பது, அது குப்பையோடு போய்விடுவதற்கான பொதுவான காரணங்களுள் ஒன்று. எனவே அதற்குரிய பேழையில் வைப்பது நன்று. புதிய உறைக்கு மாறிய பின்னரும் முந்தைய உறையைச் சில வாரங்கள் வைத்திருக்க வேண்டும். தற்போதைய உறை தொலைந்தாலோ உடைந்தாலோ, மருத்துவரை அணுகும் வரை பற்கள் பின்னோக்கி நகராமல் தடுக்க அது உதவும்.

புதிய உறையை அணிந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இறுக்கமும் இலேசான வலியும் இருக்கும். தொடக்கத்தில் சிலருக்குச் சகர ஒலிகள் குழறுவதுண்டு. பெரும்பாலோருக்கு இது சில நாட்களில் சரியாகிவிடுகிறது.

கம்பி முறையோடு ஒப்பீடு

உறை முறையின் நன்மைகளுள் முதன்மையானது அதைக் கழற்ற முடிவதே. வழக்கம்போல் பல் துலக்கலாம். பல்லிடுக்குகளை நூலால் தூய்மை செய்யலாம். உணவில் கட்டுப்பாடு இல்லை. கம்பி குத்துவதால் உண்டாகும் புண்களும் இல்லை.

அதன் முதன்மையான குறையும் கழற்ற முடிவதே ஆகும். கம்பி பல்லோடு ஒட்டப்பட்டிருப்பதால் அணிபவரின் கட்டுப்பாட்டைச் சாராது நாள் முழுதும் செயல்படுகிறது. உறை பேழையில் இருக்கும் நேரத்தில் எந்தப் பணியும் நடைபெறுவதில்லை. தொடர்ந்து குறைந்த நேரமே அணிந்தால், அடுத்தடுத்த உறைகள் பல்லில் சரியாகப் பொருந்தாமல் போகும்.

இயற்பியல் அடிப்படையிலும் வேறுபாடுகள் உள்ளன. உறை பல்லைத் தள்ளுவதில் திறன் மிக்கது. இழுப்பதிலும் திருப்புவதிலும் அத்துணைத் திறனுடையது அன்று. இதனால் பல்லைச் சாய்த்து நிமிர்த்துதல், சிறு இடைவெளிகளை மூடுதல், மிதமான நெருக்கத்தைச் சரிசெய்தல் ஆகியவை எளிதாக நிறைவேறுகின்றன. வட்ட வடிவுடைய கோரைப்பல்லையும் முன்கடைவாய்ப்பல்லையும் சுழற்றுதல், பல்லை ஈற்றிலிருந்து வெளியே இழுத்தல், வேரை மட்டும் நகர்த்துதல், பல் பிடுங்கிய பெரிய இடைவெளியை மூடுதல் ஆகியவை கடினமானவை. கடைவாய்ப்பற்களுக்கு இடையே இரு உறைகளின் தடிமன் எப்போதும் இருப்பதால், சிலருக்குச் சிகிச்சையின் முடிவில் கடைவாய்ப்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் போவதும் உண்டு.

திட்டமும் விளைவும்

சிகிச்சை தொடங்கும் முன்னர் மருத்துவமனைகளில் காட்டப்படும் அசைபடத்தில் பற்கள் வரிசையாக நகர்ந்து சீராக நிற்பதைக் காணலாம். அது இலக்கைக் காட்டும் வரைவு. விளைவைப் பற்றிய முன்கணிப்பு அன்று. கணினித் திரையில் பல் தடையின்றி நகரும். வாயில் அதே பல்லுக்கு வேரும், எலும்பும், அண்டைப் பற்களும், நாக்கின் அழுத்தமும் உண்டு.

நீல் கிராவிட்ஸ் முதலானோர் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, முன்பற்களில் திட்டமிடப்பட்ட நகர்வில் சராசரியாக 41 விழுக்காடே நிறைவேறியதாகக் கண்டது. கிராவிட்ஸ் பங்குபெற்ற மற்றோர் ஆய்வு 2020 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் நெகிழியும் மென்பொருளும் மேம்பட்டிருந்தும் அச்சராசரி 50 விழுக்காடாகவே இருந்தது. இதனால் சிகிச்சை தோல்வியுறுகிறது எனக் கொள்ளுதல் கூடாது. முதல் தொடர் முடிந்தபின் மீண்டும் அளவெடுத்துக் கூடுதல் உறைகள் செய்வது வழக்கமான நடைமுறையே ஆகும். முதலில் கூறப்படும் உறைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் இறுதி எண்ணிக்கையாக இராது என்பதும், கூடுதல் உறைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும் என்பதுமே இதிலிருந்து பெறப்படும் செய்தி.

மருத்துவரை நேரில் காணா முறை

2010களில் மருத்துவரை நேரில் காணாமலேயே உறைகளைப் பெறும் வணிக முறை அமெரிக்காவில் பரவியது. வாடிக்கையாளர் அஞ்சலில் வரும் பெட்டியைக் கொண்டு தாமே அச்செடுத்து அனுப்பலாம். அல்லது கடையில் வருடிக்கொள்ளலாம். தொலைவிலிருக்கும் பல் மருத்துவர் ஒருவர் திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பார். உறைகள் வீட்டுக்கு வந்து சேரும். கட்டணம் வழமையான சிகிச்சையை விடக் குறைவு.

இம்முறையின் முதன்மை நிறுவனமான ஸ்மைல்டைரக்ட்கிளப் 2014 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2019 ஆம் ஆண்டு செப்டம்பரில் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. குறைந்த செலவில் பலருக்குச் சிகிச்சை கிடைக்கிறது என ஆதரவாளர்கள் கூறினர். வருடியில் பதிவாவது பல்லின் வெளித்தெரியும் பகுதியும் ஈறும் மட்டுமே. வேரின் நீளம், எலும்பின் உயரம், மறைந்திருக்கும் சொத்தை ஆகியவை ஊடுகதிர்ப் படத்திலும் நேரடிப் பரிசோதனையிலுமே புலப்படும் எனப் பற்சீரமைப்பு வல்லுநர்கள் எதிர்த்தனர். கலிபோர்னியா மாநிலம் 2019 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், பற்களை நகர்த்தும் முன் எலும்பைக் காட்டும் ஊடுகதிர்ப் படங்களைப் பல் மருத்துவர் பார்வையிட வேண்டும் என்றது.

கடன் சுமையால் 2023 ஆம் ஆண்டு செப்டம்பரில் நொடிப்பு மனு அளித்த இந்நிறுவனம், அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று தன் பணியை முற்றிலும் நிறுத்தியது. சிகிச்சையின் நடுவில் இருந்தோர் தாமே வேறு பல் மருத்துவரை நாட வேண்டியதாயிற்று. வாழ்நாள் உறுதிமொழி இனிச் செல்லாது எனவும், தவணை முறையில் வாங்கியோர் தவணைகளைத் தொடர்ந்து செலுத்த வேண்டும் எனவும் நிறுவனம் அறிவித்தது. இதே போன்ற முறையில் இயங்கிய பைட் என்னும் நிறுவனத்தின் விற்பனையை அதன் உரிமையாளரான டென்ட்ஸ்பிளை சிரோனா 2024 ஆம் ஆண்டு அக்டோபரில் நிறுத்தி வைத்தது.

பற்சீரமைப்பு பல மாதங்கள் நீளும் பணி. பாதி நகர்ந்த பல் தொடங்கிய இடத்திலும் இல்லை. சேர வேண்டிய இடத்திலும் இல்லை. எனவே சிகிச்சையின் நடுவே சிக்கல் எழுந்தால் நேரில் பார்த்துப் பொறுப்பேற்பவர் யார் என்னும் கேள்வி கட்டணத்துக்கு இணையான முதன்மை உடையது.

சிகிச்சைக்குப் பின்

பற்கள் சீரானவுடன் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. புதிய எலும்பு உறுதிப்படவும், ஈற்றிலுள்ள நார்கள் புதிய இடத்துக்கு ஏற்பத் தம்மைச் சீரமைத்துக்கொள்ளவும் பல மாதங்கள் தேவை. அதுவரை இந்நார்கள், இழுத்த இரப்பரைப் போல், பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கின்றன. இதற்கும் அப்பால், சிகிச்சையே செய்துகொள்ளாதவர்களின் கீழ் முன்பற்களும் வயது ஏறும்போது நெருங்கி வருகின்றன.

வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லிட்டில் முதலானோர் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். முன்கடைவாய்ப்பற்களைப் பிடுங்கிக் கம்பி முறையில் சீரமைக்கப்பட்டு, தக்கவைப்புக் கருவிகளை நிறுத்திப் பத்தாண்டுகள் கடந்தவர்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 30 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க வரிசையில் நிலைத்திருந்தன.

எனவே தக்கவைப்புக் கருவி கட்டாயமாகிறது. பற்களின் உட்புறம் ஒட்டப்படும் மெல்லிய கம்பி, நெகிழி உறை, சார்லஸ் ஹாலியின் பெயரால் வழங்கும் கம்பியும் நெகிழித் தகடும் சேர்ந்த கருவி ஆகியவை பயன்பாட்டில் உள்ளன. பொதுவாக முதல் சில மாதங்கள் பெரும்பகுதி நேரமும், அதன் பின்னர் இரவில் மட்டும் அணியுமாறு அறிவுறுத்தப்படுகிறது. எத்தனை ஆண்டுகள் அணிய வேண்டும் என்னும் கேள்விக்கு வல்லுநர் பலரும் தரும் விடை, பற்கள் சீராக இருக்க விரும்பும் வரை என்பதே. நெகிழி உறைகள் தேய்ந்து விரிசலுறும் என்பதால் அவ்வப்போது புதியன செய்ய வேண்டிவரும். இதையும் செலவில் சேர்த்துக் கணக்கிடுதல் நன்று.

புதிய போக்குகள்

ஒவ்வொருவருக்கும் பல பத்து உறைகளும் அதே எண்ணிக்கையில் மாதிரி வடிவங்களும் தேவைப்படுவதால், இம்முறை பெருமளவு நெகிழிக் கழிவை உண்டாக்குகிறது. மாதிரி வடிவம் ஏதுமின்றி உறையையே நேரடியாக அச்சிடும் முறை இக்குறையைத் தணிக்கக்கூடும். தென்கொரியாவின் கிராபி நிறுவனம், தன் பழைய வடிவத்துக்கு மீளும் இயல்புடைய பிசினை இதற்கென உருவாக்கியுள்ளது. நேரடி முப்பரிமாண அச்சாக்கத்தில் ஈடுபட்டிருந்த ஆஸ்திரியாவின் கியூபிக்யூர் நிறுவனத்தை அலைன் டெக்னாலஜி 2024 ஆம் ஆண்டு சனவரியில் கையகப்படுத்தியது. நேரடியாக அச்சிடும்போது உறையின் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றலாம் என்பதால், விசையையும் பல்லுக்குப் பல் வேறுபடுத்த இயலும்.

இவற்றையும் பார்க்க

* பற்சீரமைப்பியல்
* பல்
* ஈறு நோய்
* பற்சொத்தை
* முப்பரிமாண அச்சாக்கம்